வழுவும் வழுவமைதியும்: சிறார் வன்குற்றங்களை விளக்குவதில் பிறழ்நடத்தைக் கோட்பாடுகளின் எல்லை

ஆய்வுச்சுருக்கம்

சிறார் இழைக்கும் வன்குற்றங்களை விளக்கச் சமூகவியலின் பிறழ்நடத்தைக் கோட்பாடுகள் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. 2012இல் சென்னைப் பாரிமுனைப் பகுதியில் ஆசிரியை ஒருவர் மாணவனால் கொல்லப்பட்ட நிகழ்வையும், 2023இல் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உடன் பயின்றோரால் வெட்டப்பட்ட நிகழ்வையும் எதிரெதிரே நிறுத்தி, அக்கோட்பாடுகள் எதைக் காட்டுகின்றன, எதைக் காணத் தவறுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தனி நிகழ்வுக்கும் தொடர் நிகழ்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கருதாமல் கோட்பாடுகளைப் பொருத்துவது பிழை என்பதும், ஒரு நெறிக்குக் கட்டுப்பட்டே இழைக்கப்படும் வன்முறையைப் ‘பிறழ்வு’ என்ற சொல் மறைத்துவிடுகிறது என்பதும், தமிழ் இலக்கண மரபின் வழுவமைதி என்னும் கருத்தாக்கம் அவ்விடத்தில் துணைபுரியும் என்பதும் இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: பிறழ்நடத்தை, சிறார் குற்றம், முத்திரையிடல், வழுவமைதி, இளைஞர் நீதிச் சட்டம், நாங்குநேரி.

முன்னுரை

2012 பிப்ரவரி 9ஆம் நாள், சென்னைப் பாரிமுனையை அடுத்த ஆர்மீனியன் தெருவில் உள்ள ஒரு பள்ளியின் வகுப்பறையில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவனுக்கு வயது 15. படிப்பில் அவன் பின்தங்கியிருப்பதைக் குறிப்பேட்டில் எழுதி ஆசிரியை வீட்டுக்கு அனுப்பியதே காரணம் என்று காவல்துறை கூறியதாக நாளேடுகள் எழுதின. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் வெளியாகியிருந்த ‘அக்னீபத்’ என்னும் இந்தித் திரைப்படம் அவனைத் தூண்டியதாகவும் செய்திகள் வந்தன. வன்முறைத் திரைப்படம், பெற்றோரின் செல்லம், மதிப்பெண் அழுத்தம், ஆசிரியர் மாணவர் உறவின் சீர்கேடு எனச் சில நாள்களுக்குள்ளாகவே காரணங்களின் பட்டியல் ஒன்று உருவாகிவிட்டது.

இப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் ஒரு சமூகவியல் கோட்பாடு உண்டு. திரைப்படத்தைச் சுட்டியவர்கள் தாம் அறியாமலே கேப்ரியேல் டார்டின் போலச்செய்தல் கொள்கையைப் பேசினார்கள். வளர்ப்பைச் சுட்டியவர்கள் டிராவிஸ் ஹிர்ஷியின் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டையும், மதிப்பெண்ணைச் சுட்டியவர்கள் ராபர்ட் மெர்ட்டனின் இறுக்கக் கோட்பாட்டையும் பேசினார்கள். ஆய்வேடுகள் செய்வதும் பெரும்பாலும் இதுவே; நாளேட்டின் காரணத்துக்குக் கோட்பாட்டாளர் பெயர் சேர்க்கப்படுகிறது. அவ்வாறு பெயர் சேர்ப்பதால் விளக்கம் கூடுகிறதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

எடுத்துக்கொண்ட இரு நிகழ்வுகளிலும் தொடர்புடையோர் பெயர்கள் இக்கட்டுரையில் இடம்பெறவில்லை. சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. பாதிக்கப்பட்டோரின் பெயரும் இவ்வாய்வின் வினாவுக்குத் தேவைப்படவில்லை.

பிறழ்வு என்னும் சொல்

தமிழ்ச் சமூகவியல் நூல்களில் இத்துறை ‘பிறழ்நடத்தை’, ‘நெறிபிறழ்வு’, ‘விலகல் நடத்தை’ எனப் பலவாறு பெயர்க்கப்படுகிறது. மூன்று சொற்களுக்கும் பொதுவானது ஓர் உருவகம்: ஒரே பாதை உண்டு, ஒருவன் அதிலிருந்து விலகுகிறான். இவ்வுருவகம் மூலத்திலேயே உள்ளது என்பதால் பெயர்த்தவர்களைக் குறைகூற இயலாது. ஆனால் தமிழில் இதே பொருளைக் கையாண்ட பழமையான துறை ஒன்று உண்டு, அது இலக்கணம். இலக்கண மரபு விலகலை இரண்டாக அல்ல, மூன்றாகப் பகுத்தது. விதிப்படி அமைவது வழாநிலை. விதியினின்று வழுவுவது வழு. வழுவாயினும் காரணம் பற்றிச் சான்றோரால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி.

மூன்றாவது வகையே இங்குக் கருதத்தக்கது. திணையும் பாலும் மயங்குவதற்கு நன்னூல் காட்டும் காரணங்களுள் மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு ஆகியவற்றோடு வெகுளியும் இழிவும் உள்ளன. சினத்தாலோ இழித்தலாலோ மனிதரை அஃறிணையாக்கிச் சொல்வது இலக்கணப்படி வழுதான். ஆயினும் அது இயல்பாகக் கொள்ளப்படும் என்கிறது அந்நூல். இலக்கணி இதனால் சினத்தையும் இழிப்பையும் பரிந்துரைக்கவில்லை. வழக்கில் உள்ளதைப் பதிவுசெய்கிறார். ஒரு வழு யாருடைய ஏற்பால், எக்காரணத்தால் அமைதி பெறுகிறது என்ற வினா தமிழ் மரபுக்குள்ளேயே இருக்கிறது என்பதே இங்குக் கொள்ள வேண்டிய செய்தி.

மேலைக் கோட்பாடுகளில் இவ்வினாவுக்கு மிக நெருங்கி வந்தவர்கள் கிரெஷம் சைக்ஸும் டேவிட் மாட்சாவும் ஆவர். 1957இல் அவர்கள் எழுதிய கட்டுரை, குற்றமிழைக்கும் இளைஞர்கள் பொதுநெறியை மறுப்பவர்கள் அல்லர், தம் செயலுக்கு மட்டும் விலக்குக் கோருபவர்கள் என்றது. பொறுப்பை மறுத்தல், தீங்கை மறுத்தல், பாதிக்கப்பட்டவரை மறுத்தல், கண்டிப்போரைக் கண்டித்தல், உயர்ந்த பற்றுறுதியைக் காட்டுதல் என ஐந்து உத்திகளை அவர்கள் வகுத்தனர். இவை குற்றமிழைப்பவன் தானே தனக்கு வழங்கிக்கொள்ளும் வழுவமைதிகள். அவ்வமைதியை அவனுக்கு ஊரே வழங்கினால் என்னாவது என்ற இடத்துக்கு அக்கட்டுரை செல்லவில்லை. நாங்குநேரி அவ்விடத்தில்தான் நிற்கிறது. அதற்கு முன் சென்னை நிகழ்வு.

ஒரு குறிப்பேடும் பல கோட்பாடுகளும்

மெர்ட்டன் 1938இல் முன்வைத்த கோட்பாடு, சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கை வைத்துவிட்டு அதை அடையும் வழிகளைச் சிலருக்கு அடைப்பதால் பிறழ்வு தோன்றுகிறது என்பது. இதனைச் சென்னை நிகழ்வுக்குப் பொருத்துவோர் முதல் அடியிலேயே இடர்ப்படுகின்றனர். அம்மாணவனுடையது வறுமையில் வாடிய குடும்பம் அன்று என்பதே அன்றைய செய்திகள் தந்த சித்திரம். வழிகள் அடைக்கப்பட்டவன் என்று அவனைச் சொல்ல இயலாது. ஆல்பர்ட் கோஹன் 1955இல் எழுதிய நூல், நடுத்தர வகுப்பின் அளவுகோலால் அளக்கப்பட்டுத் தாழ்ந்து நிற்கும் உழைக்கும் வகுப்புச் சிறுவர்களைப் பற்றியது. அவர்கள் கூட்டமாகத் தமக்கென ஒரு மதிப்பீட்டை உருவாக்குவதைக் கூறுவது. இம்மாணவனுக்குக் கூட்டமும் இல்லை, மாற்று மதிப்பீடும் இல்லை.

ராபர்ட் அக்னியூ 1992இல் விரித்துரைத்த பொது இறுக்கக் கோட்பாடு இவற்றினும் பொருந்துவது. இலக்கை எட்டாமை மட்டுமன்று, மதித்த ஒன்றை இழத்தலும், விரும்பாத ஒன்றுக்கு ஆளாதலும் இறுக்கம் தரும். அவ்விறுக்கம் சினமாக மாறும்போது குற்றம் நிகழ வாய்ப்புண்டு என்பது அவர் கருத்து. குறிப்பேட்டில் எழுதப்பட்ட வரி, அதை வீட்டில் காட்ட வேண்டிய மாலை, மறுநாள் மீண்டும் அதே வகுப்பு என்ற தொடரை இக்கோட்பாட்டால் சொல்ல முடியும். ஆனால் தமிழகத்தின் எல்லாப் பள்ளிகளிலும் அக்குறிப்பேடு இருக்கிறது. எத்தனையோ மாணவர்கள் அதில் எழுதப்பட்டவர்கள். கோட்பாடு சினத்தை விளக்குகிறது, கத்தியை விளக்கவில்லை.

ஹோவர்ட் பெக்கரின் முத்திரையிடல் கோட்பாடு ஆய்வாளர்களை மிகவும் ஈர்ப்பது. இந்நிகழ்வில் மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டியதும் அதுவே. பிறழ்வு என்பது செயலின் பண்பு அன்று, விதியை ஒருவர்மீது பிறர் செலுத்துவதன் விளைவு என்று 1963இல் பெக்கர் எழுதினார். இதனைக் குறிப்பேட்டுக்குப் பொருத்தினால், ஆசிரியை முத்திரையிட்டவராகவும் மாணவன் முத்திரையிடப்பட்டவனாகவும் ஆவர். அடுத்த அடி கொல்லப்பட்டவரைக் காரணமாக்குவதாகவே முடியும். படிப்பில் உள்ள குறையைப் பெற்றோருக்கு எழுதித் தெரிவிப்பது ஆசிரியரின் அன்றாடப் பணி. அது ஒருவரது ஒழுக்கத்தின்மேல் இடப்படும் முத்திரை ஆகாது. பெக்கர் பேசியதும் போதைப்பொருள் பயன்பாடு போன்ற, விதியே வழக்குக்குரியதாக இருந்த செயல்களைப் பற்றி. கொலையைக் குற்றமாக்குவது யாருடைய முத்திரையும் அன்று. கோட்பாட்டின் கூர்மையில் மயங்கிய ஆய்வு இவ்வேறுபாட்டைத் தவறவிடுவது வெறும் முறையியல் பிழை மட்டுமன்று. இறந்தவருக்கு இழைக்கும் அநீதியும் ஆகும்.

ஜாக் கட்ஸ் 1988இல் எழுதிய நூல் வேறு திசையில் செல்கிறது. காரணங்களை விட்டுவிட்டு, கொலை செய்பவன் அந்நொடியில் தன்னை எவ்வாறு உணர்கிறான் என்று அவர் கேட்டார். இழிவுபடுத்தப்பட்டதாக உணர்பவன் அவ்விழிவைச் சினமாக மாற்றி, தான் ஒரு நியாயத்தைக் காப்பதாக எண்ணிக்கொள்கிறான் என்பது அவர் கண்டது. இழிவும் வெகுளியும் அடுத்தடுத்து நிற்பதை நன்னூலும் அறிந்திருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். ஆயினும் கட்ஸ் விவரிப்பது திடீரென மூளும் கொலைகளை. பள்ளிக்குக் கத்தியோடு வந்த ஒருவனின் செயலுக்கு இடையில் ஓர் இரவோ சில நாள்களோ உண்டு; அந்த இடைவெளியைக் கட்ஸின் சட்டகம் நிரப்பவில்லை.

இத்தனை கோட்பாடுகளும் அரைகுறையாகவே பொருந்துவதற்குக் காரணம் அவற்றின் குறைபாடு அன்று. பிறழ்நடத்தைச் சமூகவியல் தோன்றியதே வீதங்களை விளக்குவதற்காக. எமில் துர்க்கைம் 1897இல் தற்கொலையை ஆராய்ந்தபோது தனி மனிதர் ஏன் இறந்தார் என்று கேட்கவில்லை. ஒரு நாட்டில், ஒரு சமயப் பிரிவில், ஒரு காலத்தில் தற்கொலை வீதம் ஏன் கூடுகிறது அல்லது குறைகிறது என்றே கேட்டார். மெர்ட்டனின் வினாவும் அத்தகையதே. வீதத்தை விளக்கப் பிறந்த கருவியைக் கொண்டு ஒரே ஒரு செயலைத் திறக்க முயல்வதே இடர்ப்பாட்டின் வேர். ஆசிரியரை மாணவன் கொல்வது தமிழகத்தில் ஒரு தொடராக நிகழ்வதன்று; அரிதினும் அரிது. அச்செயலைப் பற்றிச் சமூகவியல் சொல்லக்கூடியது குறைவு. அதற்குச் சமூகம் ஆற்றிய எதிர்வினையைப் பற்றிச் சொல்லக்கூடியது மிகுதி.

அவ்வெதிர்வினை ஸ்டான்லி கோஹன் 1972இல் விவரித்த ஒழுக்கப் பீதியின் வடிவத்தைக் கொண்டிருந்தது. ஒரு மாணவனின் செயல் ‘இன்றைய மாணவர்கள்’ என்ற பன்மைக்கு நகர்ந்தது. முத்திரையிடல் கோட்பாடு உண்மையில் பயன்படும் இடம் இதுவே; கொலைக்கு முந்தைய குறிப்பேட்டில் அன்று, கொலைக்குப் பிந்தைய தலைப்புச் செய்திகளில்.

வட்டாரமும் முகவரியும்

வட்டாரக் கோட்பாடு இன்னொரு வகையில் சோதிக்கப்பட வேண்டியது. சிகாகோ நகரை ஆராய்ந்த கிளிஃபோர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் 1942இல் வெளியிட்ட நூல், சிறார் குற்றம் சில வட்டாரங்களில் திரள்வதையும், குடியிருப்போர் மாறினாலும் அவ்வட்டாரத்தின் குற்ற வீதம் மாறாதிருப்பதையும் காட்டியது. எனவே காரணம் மனிதரிடம் அன்று, வட்டாரத்தின் ஒழுங்குக் குலைவில் உள்ளது என்றது. ஏழ்மையைப் பிறவிக் குணமாகக் கண்ட காலத்தில் இது பெரிய முன்னேற்றம். சென்னையில் இக்கோட்பாடு தலைகீழாகப் பயன்படுகிறது. இங்கு வட்டாரமே பிறவிக் குணமாகிவிடுகிறது.

தென்சென்னையின் அபிராமபுரம் சுற்றுவட்டாரம் இதற்குத் தக்க களம். மாளிகைகளும் அடுக்ககங்களும் நிறைந்த தெருக்களுக்கு அருகிலேயே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, அவ்வீடுகளில் வேலை செய்வோரின் குடியிருப்புகள் தலைமுறைகளாக இருந்துவந்துள்ளன. அபிராமபுரத்தை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாய்க் கரையிலிருந்த கோவிந்தசாமி நகர் வீடுகள் 2022 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும், பொதுத்தேர்வு நேரத்தில், நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பட்டன. நகரின் மையத்திலிருந்து இவ்வாறு அகற்றப்பட்டவர்களுக்காக 2000 முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய குடியிருப்புகளும் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் ஏறத்தாழ 15,000 குடியிருப்புகள் உள்ளன. பள்ளியிலிருந்தும் தொழிலிலிருந்தும் உறவிலிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் குவித்துவிட்டு, பின்னர் அவ்விடத்தைக் குற்ற வட்டாரம் என்று பெயரிடுவது நிகழ்ந்தது. முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்பது அங்கு வாழும் இளைஞர்கள் பல்லாண்டாகச் சொல்லிவரும் குறை.

ஷாவும் மெக்கேயும் வட்டாரத்தை நகர வளர்ச்சியின் இயல்பான விளைபொருளாகக் கண்டனர். சென்னையின் ஒழுங்குக் குலைவுக்கோ அரசாணை எண் உண்டு. எட்வின் லெமர்ட் 1951இல் வகுத்த முதல்நிலைப் பிறழ்வு, இரண்டாம்நிலைப் பிறழ்வு என்ற பாகுபாடு இங்கு வட்டாரக் கோட்பாட்டைவிடப் பொருந்துகிறது. சிறு குற்றம் செய்தவன் முத்திரை பெற்று, அம்முத்திரைக்கேற்ப வாழத் தொடங்குவது இரண்டாம்நிலை. கண்ணகி நகர்ச் சிறுவனுக்கு முதல்நிலைக் குற்றமே தேவையில்லை. முத்திரை அவனுக்கு முன்பே குடியேறிவிடுகிறது. 2012 நிகழ்வு நடந்ததோ இவ்வட்டாரங்கள் எதிலும் அன்று. கட்டணம் செலுத்திப் பயிலும் ஒரு பள்ளியில். அதன்பின் எந்த வட்டாரமும் ஐயத்துக்கு உள்ளாகவில்லை. வசதியுள்ள வீட்டுச் சிறுவனின் குற்றத்துக்கு உளவியலும், வசதியற்றவனின் குற்றத்துக்கு வட்டாரமும் காரணமாக்கப்படுகின்றன. கோட்பாடுகளைப் பங்கிடுவதிலும் ஒரு வகுப்புப் பிரிவினை உண்டு.

நாங்குநேரி: கட்டுப்பாட்டின் மிகுதி

2012 நிகழ்வு தனித்தது. சமூகவியலின் வீதக் கருவிகளுக்கு எளிதில் வசப்படாதது. தொடராக நிகழும் வன்முறையில் அக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன என்று காண, திருநெல்வேலி மாவட்ட நிகழ்வு எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வீட்டில் வைத்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டார். உறவினரான முதியவர் ஒருவர் அதிர்ச்சியில் உயிரிழந்தார். வெட்டியவர்கள் வள்ளியூரில் அவரோடு அதே பள்ளியில் பயின்ற, ஆதிக்க சாதியைச் சேர்ந்த, 18 வயது நிறையாத மாணவர்கள் என்பது வழக்கு. அவர்களின் தொல்லையால் அவர் பள்ளிக்கு வராமல் நின்றிருந்தார், பள்ளி விசாரித்தது, அவர் புகார் எழுதிக் கொடுத்தார். அதற்கான பதிலாக அவ்விரவு அமைந்தது.

இங்கும் ஓர் எழுத்து இருக்கிறது. சென்னையில் ஆசிரியை மாணவனைப் பற்றி எழுதினார். நாங்குநேரியில் மாணவர் தம்மைத் துன்புறுத்தியோரைப் பற்றி எழுதினார். புகார் எழுதியது ஏன் வெட்டுக்குரிய குற்றமாயிற்று என்பதே விளக்கப்பட வேண்டியது.

டிராவிஸ் ஹிர்ஷியின் 1969ஆம் ஆண்டு நூல் இளைஞரைச் சமூகத்தோடு பிணைக்கும் நான்கு இழைகளைக் கூறும்: பற்று, கடப்பாடு, பங்கேற்பு, நம்பிக்கை. இவ்விழைகள் தளரும்போது குற்றம் நிகழும். தமிழில் சிறார் குற்றம் பற்றி எழுதுவோர் மிகுதியும் சார்ந்திருப்பது இக்கோட்பாட்டையே. ‘குடும்பக் கட்டுக்கோப்புச் சிதைவு’ என்ற தொடர் இதன் உள்ளூர் வடிவம். நாங்குநேரியில் இழைகள் தளரவில்லை. உறவின்மேல் பற்று, சாதியின்மேல் நம்பிக்கை, கூட்டாகச் செயல்படுதல் ஆகிய யாவும் இறுக்கமாக இருந்தன. கட்டுப்பாடு குறைந்ததால் அன்று, ஒரு கட்டுப்பாட்டை நிலைநாட்டவே அரிவாள் எடுக்கப்பட்டது. ஹிர்ஷி இதனைக் காண இயலாததற்குக் காரணம் வெளிப்படையானது: சமூகத்தில் பொதுவான ஒரே மதிப்பீட்டுத் தொகுதி உண்டு என்பதை அவர் தம் கோட்பாட்டின் எடுகோளாகவே வைத்தார். சாதியச் சமூகத்தில் அவ்வெடுகோள் செல்லாது.

எட்வின் சதர்லாந்தின் வேறுபட்ட தொடர்புக் கோட்பாடு இதைவிடத் தொலைவு செல்லும். குற்றம் நெருங்கிய குழுக்களில் கற்கப்படுவது. உத்திகள் மட்டுமன்றி நோக்கங்களும் நியாயங்களும் கற்கப்படுகின்றன என்று அவர் சொன்னார். ஆனால் ‘தீய நட்பு’ என்று இக்கோட்பாடு தமிழில் சுருக்கப்படும்போது கற்பித்தவர்கள் மறைந்துபோகிறார்கள். பள்ளி மாணவர் கைகளில் சாதியை அறிவிக்கும் வண்ணக் கயிறுகள் தென்மாவட்டங்களில் வழங்கிவருவதைப் பயிற்சி இந்திய ஆட்சிப்பணி அலுவலர்கள் சுட்டிக்காட்டியதன் பேரில், அவற்றைத் தடுக்குமாறு 2019இல் பள்ளிக்கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை வெளியானது. எதிர்ப்பு எழுந்ததும், இருந்த நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் அறிவித்தார். கயிற்றை மாணவனுக்குக் கற்பித்தது வகுப்புத் தோழன் மட்டுமல்லன் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. கயிறு வழு என்றது சுற்றறிக்கை. அதற்கு அமைதி வழங்கியது அமைச்சரின் அறிவிப்பு.

தோர்ஸ்டன் செலின் 1938இலேயே நடத்தை நெறிகளின் மோதலைப் பற்றி எழுதினார் என்பது இவ்விடத்தில் மறுப்பாக எழலாம். ஒரே நெறி என்ற எடுகோளை மேலைச் சமூகவியல் முழுவதும் ஏற்றதில்லை என்பது உண்மையே. ஆனால் செலின் கண்ட மோதலில் புலம்பெயர்ந்து வந்தவரின் நெறி சிறுபான்மையானது; சட்டம் பெரும்பான்மையின் நெறியாக நின்றது. நாங்குநேரியில் சட்டமே புதியது. ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் புகார் எழுதக்கூடாது என்ற விதி சட்டத்தைவிட மூத்தது. ஊரில் அதிகாரம் உடையோரால் காக்கப்படுவது. அவ்விதியின் பார்வையில் பிறழ்ந்தவர் வெட்டியவர் அல்லர், புகார் எழுதியவர். பெக்கரின் கூற்று இப்போது முழு வலிமையோடு பொருந்துகிறது: விதியைச் செலுத்தியவர்கள் வெட்டியவர்கள், விதி மீறியவராக முத்திரை பெற்றவர் வெட்டுப்பட்டவர்.

சைக்ஸும் மாட்சாவும் வகுத்த ஐந்து உத்திகளில் பாதிக்கப்பட்டவரை மறுத்தலும் உயர்ந்த பற்றுறுதியைக் காட்டுதலும் இங்கு உத்திகளாகவே இல்லை. அவை முன்பே வழங்கிவரும் வழக்காறுகள். ஒருவரை இழித்து அஃறிணையாக்கும் மொழி வெட்டியவனின் கண்டுபிடிப்பு அன்று. அவன் பிறந்து விழுந்த மொழி அது. வழுவமைதி என்ற கருத்தாக்கத்தின் பயன் இவ்விடத்தில் தெரிகிறது. வழு எது என்று கேட்பதோடு நில்லாமல், அதற்கு அமைதி வழங்கிய சான்றோர் யார் என்று அது கேட்க வைக்கிறது. துர்க்கைம், துறவியர் மட்டுமே வாழும் சமூகத்திலும் சிறு பிழைகள் குற்றமாகிவிடும் என்றும், குற்றம் இயல்பானது என்றும் 1895இல் எழுதினார். அவர் சொன்ன இயல்புக்கும் நன்னூல் சொல்லும் இயல்புக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. துர்க்கைமின் சமூகம் குற்றத்தைக் கண்டிப்பதால் தன்னை உறுதிப்படுத்திக்கொள்கிறது. நாங்குநேரியில் சாதிச் சமூகம் தன்னை உறுதிப்படுத்திக்கொண்டது குற்றத்தைக் கண்டித்து அன்று, குற்றத்தாலேயே.

தாக்குதலுக்குப் பின் தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூன் 18இல் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகிய அடையாளங்களைத் தடுத்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல் முதலியன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். மாணவனின் உள்ளத்தை விட்டுப் பள்ளியின் பெயர்ப்பலகையை அறிக்கை நோக்கியது கருதத்தக்கது. திருத்தப்பட வேண்டியது பிறழ்ந்தவன் மட்டுமல்லன், அமைதி வழங்கும் நெறியும் என்ற புரிதல் அதில் உள்ளது. அறிக்கைக்கு எழுந்த எதிர்ப்புகளும் அப்புரிதல் சரியான இடத்தைத் தொட்டதையே காட்டுகின்றன. வெட்டுப்பட்ட மாணவர் 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். பிறழ்நடத்தைக் கோட்பாடுகள் எவற்றிலும் இதற்கு இடமில்லை. அவை குற்றவாளியைப் பின்தொடர்ந்து சென்றுவிடுகின்றன.

படிவத்தில் அமர்ந்த கோட்பாடு

கோட்பாட்டுத் தேர்வு ஆய்வேட்டோடு முடிவதாயின் இவ்வளவு விவாதம் வேண்டியதில்லை. அது ஒரு சிறுவன் எங்கு விசாரிக்கப்படுவான் என்பதையும் தொடுகிறது. 2012இல் நடைமுறையிலிருந்த 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையாத எவரையும் சிறப்பு இல்லத்தில் அதிக அளவு 3 ஆண்டுகளே வைக்க முடியும். 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கூட்டு வன்புணர்வுக்குப் பின் எழுந்த கொந்தளிப்பில் உருவான 2015ஆம் ஆண்டுச் சட்டம், 16 முதல் 18 வரை வயதுடையோர் கொடுங்குற்றம் இழைத்ததாகச் சொல்லப்பட்டால், இளைஞர் நீதிக் குழுமம் முதனிலை மதிப்பீடு செய்யவும், தேவையெனில் வயதுவந்தோராகக் கருதி விசாரிக்க அனுப்பவும் வழிசெய்தது. சென்னை மாணவன் 15 வயதினன் ஆதலால் புதிய சட்டத்திலும் அவனுக்கு இது பொருந்தாது. நாங்குநேரி வழக்கின் வயதினருக்குப் பொருந்தும்.

குற்றம் செய்வதற்கான உடல், உள்ளத் திறன், விளைவை உணரும் ஆற்றல், குற்றம் நிகழ்ந்த சூழ்நிலை ஆகியவற்றைக் குழுமம் மதிப்பிட வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. இம்மதிப்பீடு நுட்பமானது, வல்லுநர் துணை வேண்டுவது என்று குருகிராம் பள்ளி மாணவர் கொலை வழக்கில் 2022 ஜூலை 13இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ‘சூழ்நிலை’ என்ற ஒற்றைச் சொல்லில்தான் சமூகவியல் முழுவதும் நுழைய வேண்டியிருக்கிறது. குழும உறுப்பினர்க்குச் சூழ்நிலையை எடுத்துரைப்பது நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் இணைக்கப்பட்டுள்ள அதன் படிவம், குற்றத்துக்கான காரணத்தை எழுதுமிடத்தில் எடுத்துக்காட்டாகத் தருவன பெற்றோரின் புறக்கணிப்பு, மிகைப் பாதுகாப்பு, ஒத்த வயதுக் குழுவின் தாக்கம் முதலியன.

அதாவது ஹிர்ஷி ஒரு பக்கம், சுருக்கப்பட்ட சதர்லாந்து மறுபக்கம். இவ்வெடுத்துக்காட்டுகள் தீய நோக்குடன் எழுதப்பட்டவை அல்ல. சிறாரைக் குற்றவாளி என்று அழைப்பதையே தவிர்த்து, ‘சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை’ என்ற சொல்லைத் தெரிந்தெடுத்த சட்டத்தின் படிவம் அது. முத்திரையிடல் கோட்பாட்டின் நற்பயனைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் காரணம் கேட்கும்போது அது வீட்டையும் நண்பனையும் தாண்டவில்லை. கண்ணகி நகர்ச் சிறுவனைப் பற்றி நிரப்பப்படும்போது அப்படிவத்தில் புறக்கணிப்பு என்ற சொல் எளிதில் வந்து அமரும். வீடு இடிக்கப்பட்ட நாள் அங்கு வராது. நாங்குநேரியின் கயிறும், 2019இல் கைவிடப்பட்ட சுற்றறிக்கையும், ஊர் வழங்கிய அமைதியும் அப்படிவத்தில் ‘முதலியன’ என்ற சொல்லுக்குள் எழுதப்பட வேண்டியவை. அதை நிரப்பும் அலுவலர் அச்சொல்லைக் கடந்து எழுதுவாரா என்பது, அவர் பயின்ற சமூகவியல் பாடநூலில் சாதி எந்த அலகில் வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தது. பாடநூல்களில் அது சமூக அடுக்கமைவு என்ற அலகில் இருக்கிறது. பிறழ்நடத்தை வேறோர் அலகு.